இறங்காத கூடை

நெபாஹத் அக்கா பயப்படாத பொருள் உலகத்திலேயே கிடையாது என்று மேட்டுத் தெருவில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. கத்தரிக்காய்க்கு அவள் பயந்ததில்லை. மற்றபடி காஸ் அடுப்பு, லிஃப்ட், இடி, நிலநடுக்கம், தெரியாத எண்ணிலிருந்து வரும் போன் எல்லாவற்றுக்கும் அவளிடம் தனித்தனிப் பயம் உண்டு. லிஃப்டுக்குப் பயந்தே லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் நான்காம் மாடியில் வீடு பிடித்தாள். பிறகு முழங்கால் போய்விட்டது. இப்போது படிக்கட்டுக்கும் பயம்.

துருக்கியின் இஸ்மிர் நகரத்துப் புகையிலைக் கிடங்கில் இலை தரம் பிரித்தே வயதைக் கழித்தவள். கணவர் படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டே கண்ணை மூடினார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து நெபாஹத் சத்தத்தைக் குறைத்தாள், காலில் போர்வையைப் போட்டாள், சாயங்காலம் டீயும் கொண்டுவந்து வைத்தாள். டீ ஆறிப்போன பிறகுதான் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்றிலிருந்து மற்ற பயங்களெல்லாம் சில்லறை. பெரிய பயம் ஒன்றே ஒன்று. தனியாக இந்த வீட்டில் விழுந்து கிடப்போம், டீ ஆறுவதைப் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

அந்தப் பயத்துக்குத் தெருவில் ஒரு மருந்து இருந்தது. கூடை. காலையில் ஜன்னல் வழியாகக் கயிற்றில் கூடையை இறக்கினால், கீழே மளிகைக்கடை ரெம்ஸி ரொட்டியும் செய்தித்தாளும் போடுவான். மாடிவீட்டுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். வழக்கமான நேரம் தாண்டியும் ஒரு கூடை இறங்கவில்லை என்றால் ரெம்ஸி தெருவில் நின்று மேலே பார்த்துக் கத்துவான். பதில் இல்லையா, கல்லாவுக்குப் பின்னால் ஆணி வரிசையில் தொங்கும் அந்த வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு படியேறுவான். இரண்டாம் மாடி ஷுக்ரு வாத்தியார் சமையலறையில் வாய் கோணி விழுந்து கிடந்தபோது அப்படித்தான் பிழைத்தார். அதைப் பார்த்த பிறகு நெபாஹத், திருடனுக்குப் பயந்து போட்டுக்கொண்டிருந்த தாழ்ப்பாளைப் போடுவதையே விட்டுவிட்டாள். தாழ்ப்பாள் போட்டால் ரெம்ஸி எப்படி உள்ளே வருவான்? திருடன் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இப்படி இருக்கையில்தான் தெருச் சரிவின் அடியில் அந்தப் பெரிய தள்ளுபடிக் கடை திறந்தது. ஊரெல்லாம் கிளை உள்ள கடை. சாமானை அலமாரியில்கூட அடுக்காமல் அட்டைப்பெட்டியோடு குவித்திருப்பார்கள். விலையோ, கேட்டால் காது நம்பாது.

முதல் தடவை வேடிக்கை பார்க்கத்தான் போனாள். வெள்ளைப் பாலாடைக்கட்டி டப்பாவின் விலையைப் பார்த்ததும், யாரோ தப்பாக ஒட்டிவிட்டார்கள், எடுத்தால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து திரும்ப வைத்தாள். கல்லாப் பெண் தலையைத் தூக்காமலே, மூக்காலேயே பேசினாள்.

"அதே விலதாங்க. பை வேணுமா? கார்டா, காசா? அடுத்தவங்க வாங்க."

ஓய்வூதியம் மாதப் பாதியிலேயே மூச்சு வாங்கும் வீடு அது. நெபாஹத் டப்பாவை வாங்கினாள். வாங்கியபின்தான் அடுத்த பயம் பிடித்தது. வீட்டுக்குப் போக ஒரே வழி, ரெம்ஸியின் கடை வாசல். தள்ளுபடிக் கடையின் ஊதா நிறப் பையோ அரைக் கல் தொலைவிலிருந்து தெரியும். டப்பாவைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, நெஞ்சுவலிக்காரி போல மெல்ல நடந்தாள்.

"என்னக்கா, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வர்றீங்க?" என்றான் ரெம்ஸி, பதறி எழுந்து.

"ஒண்ணுமில்லப்பா. வாயு."

"சோடா தரட்டா?"

"வேணாம் வேணாம். தானா போயிரும்."

அவன் கொடுத்த சோடாவையும் வாங்கிக்கொண்டுதான் மாடியேறினாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அந்தப் பாலாடைக்கட்டி அன்று தொண்டையில் இறங்கவே இல்லை. மறுநாள் இறங்கிவிட்டது.

அப்புறம் எண்ணெய், பருப்பு, சோப்பு, கடைசியில் ரொட்டி. கூடை இறங்குவது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. டாக்டர் ரொட்டி சாப்பிடக் கூடாது என்றுவிட்டார் என்று ஜன்னலிலிருந்து அறிவித்தாள்.

"அப்படியா! இந்தத் தெருவுக்கே ஒரே டாக்டர் போலிருக்கு" என்றான் ரெம்ஸி. "போன வாரத்துலேர்ந்து யாருக்குமே ரொட்டி ஆகலயாம்."

ஒரு காலையில் தள்ளுபடிக் கடை ரொட்டியில் தள்ளுபடிக் கடைப் பாலாடைக்கட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசல் பூட்டு தானாகத் திரும்பும் சத்தம் கேட்டது. திருடன்! சத்தம் போடவும் பயம். தட்டை மெத்தையின் அடியில் தள்ளி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வந்தவன் ரெம்ஸி. படியேறிய மூச்சிரைப்பு. கையில் சாவி. முகம் வெளுத்திருந்தது.

"உயிரோடதான் இருக்கீங்களா? கூடையும் எறங்கல, கத்துனா சத்தமும் இல்ல. நான் பயந்தே போயிட்டேன் அக்கா!"

"டிவி… டிவி சத்தத்துல கேக்கலப்பா."

டிவி அணைந்திருந்தது. ரெம்ஸி அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான். படியிறங்கிப் போனான்.

அவன் போனபின் அவளுக்குப் புதுப் பயம் ஒன்று வந்தது. நாளை சமையலறைக்குள் வந்து நின்று அந்தக் கடைச் சாமான்களைப் பார்த்துவிட்டால்? அந்த வாரமே போய்ச் சாவியைத் திருப்பிக் கேட்டாள். அய்தின் நகரத்தில் இருக்கும் தங்கைக்கு ஒரு சாவி வேணுமாம்.

ரெம்ஸி ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தான். அப்போதுதான் கவனித்தாள், வரிசையில் முக்கால்வாசி ஆணி மொட்டையாக இருந்தது.

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் திடீர்னு அய்தின்ல ஒரு தங்கச்சி மொளச்சிட்டா" என்றான் அவன். சிரிக்கவில்லை.

தொலைந்தால் திருடன் கையில் போய்விடும் என்று பயந்து, அந்தச் சாவியைக் கம்பளிச் சட்டையின் உட்புறம் ஊக்கு குத்தி மாட்டிக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை தள்ளுபடிக் கடையில் மலிவுக் குவியல். ஒரு வாரத்துக்கான சாமான் வாங்கிவிட்டாள். குளியலறைக் கதவின் கைப்பிடி பல நாளாக ஆடிக்கொண்டிருந்ததால், புதுக் கைப்பிடி ஒன்றும் வாங்கினாள். பிறகு ரெம்ஸியிடம் போய், தானே தங்கை வீட்டுக்குப் போவதாகவும், கூடைக்குக் காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தாள். இனி ஒரு வாரம் நிம்மதி.

நிம்மதி மறுநாள் காலை வரை இருந்தது.

அடுப்பில் செம்பருப்பு சூப்பை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். காற்றில் கதவு அறைந்து சாத்தியது. கைப்பிடியைத் திருகினாள். அது கையோடு வந்தது. வெளிப்பக்கக் கைப்பிடி, கதவுக்குள் ஓடும் இரும்புத் துண்டோடு, அந்தப் பக்கம் 'டணங்' என்று விழுந்தது. புதுக் கைப்பிடி சமையலறை மேசைமேல் உறை பிரிக்காமல் கிடந்தது. போனும் அங்கேதான்.

நகத்தால் தோண்டினாள். சீப்பை விட்டு நெம்பினாள், சீப்பு உடைந்தது. தோளால் இடித்தாள், தோள்தான் வலித்தது. பிறகு கழிப்பறைக் கோப்பையின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டாள். யார் வருவார்கள்? கூடை இறங்கவில்லை என்று யார் தேடுவார்கள்? தேட வேண்டாம் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறாளே.

குளியலறைக்கு ஒரு சின்ன ஜன்னல். அது கட்டிடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக விட்ட, கிணறு போன்ற இடைவெளிக்குள் திறக்கும். அந்தக் கிணற்றின் அடியில் ரெம்ஸியின் சாமான் அறை. அவன் பெட்டி நகர்த்தும் சத்தம் கேட்டது. நெபாஹத் ஜன்னலில் முகத்தை வைத்து வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. சமையலறை மேசை கண்முன் வந்தது. ஊதா நிறத்தில் பை, எண்ணெய், பருப்பு, பாலாடைக்கட்டி. அய்தினுக்குப் போனவள் இங்கே இருக்கிறாள். அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? மூன்றாம் மாடி குல்ஸார் சாயங்காலம் வேலையிலிருந்து வருவாள். அவளைக் கூப்பிடலாம். சாயங்காலம்வரை பொறுத்துக்கொண்டால்…

கையிலிருந்த உடைந்த கைப்பிடி நழுவித் தரையில் உருண்டது. கீழே ரெம்ஸியின் மனைவி குரல்.

"என்னங்க, நாலாவது மாடில ஏதோ சத்தம்?"

"பூனையா இருக்கும். அக்கா ஊர்ல இல்ல."

"ஊர்லயா? நேத்து அந்தக் கடைப் பை நெறய சாமான் தூக்கிட்டு வீட்டுக்கு ஏறுனத நான் பாத்தேனே."

"நானுந்தான் பாத்தேன். அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? ஊர்ல இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஊர்ல இல்ல."

நெபாஹத்தின் காது சுட்டது. அப்போதுதான் மூக்கிலும் சுட்டது. கதவிடுக்கில் கருகல் வாடை. சூப் வற்றிவிட்டது. அடுப்புக்கு மேலேதான் துண்டு காயப் போட்டிருந்தாள்.

ஒரு டப்பா பாலாடைக்கட்டிக்கு ஓர் உயிரா! கணவரின் ஆறிப்போன டீ கண்ணில் வந்தது. அடுத்த கணம் கிணறு அதிர்ந்தது.

"ரெம்ஸீ! நான் ஊருக்குப் போகலடா! பாத்ரூம்ல மாட்டிக்கிட்டேன்! அடுப்பு எரியுது! பொய் சொல்லிட்டேன்டா, எல்லாம் பொய்!"

கீழே பெட்டி விழுந்தது. ரெம்ஸியின் தலை அண்ணாந்தது.

"கதவ எப்படித் தொறக்கறது? சாவிதான் உங்க தங்கச்சிக்குப் போயிருச்சே!"

"தங்கச்சிகிட்ட இல்ல! என் சட்டைல இருக்கு!"

ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். அதைத் தரை துடைக்கும் வாளியின் காதில் கட்டினாள். ஊக்கு சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. சாவியை வாளிக்குள் போட்டு இறக்கினாள். வாளி சுவரில் மோதி மோதிப் போனது. கயிறு போதாமல் பாதியில் நின்றால்? முடிச்சு அவிழ்ந்தால்? வாழ்க்கையில் எத்தனையோ தடவை கூடை இறக்கியிருக்கிறாள், ஒரு தடவைகூட இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கியதில்லை. கயிற்றின் கடைசி நுனி உள்ளங்கையில் இருந்தபோது கீழே கனம் குறைந்தது.

"வந்துருச்சு!"

படிகளில் செருப்புச் சத்தம். பூட்டு திரும்பியது. அடுப்பு அணைந்தது. ஜன்னல்கள் திறந்தன. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதிதான் அவளுக்கு நெருப்பைவிடப் பயமாக இருந்தது. அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கதவு திறந்தது. ரெம்ஸியின் கையில், உறை பிரித்த புதுக் கைப்பிடி.

"இதுவுமா அங்கயே?"

"நீ கைப்பிடி விக்கறதில்லயே தம்பி" என்றாள் அழுதுகொண்டே.

"விக்கறதில்லதான்." அவன் எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிப் பார்த்தான். "இந்த வெலைக்கு எனக்கு மொத்த வியாபாரிகூடக் குடுக்கறதில்லக்கா. போன மாசம் நானே அங்கதான் சர்க்கர வாங்கி என் கடைல வெச்சு வித்தேன். தொப்பிய மூஞ்சிவரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டுப் போனேன். உங்கள நான் கோவிச்சுக்க முடியுமா?"

"முடியாதா?"

"முடியும். கோவமாத்தான் இருக்கேன். சும்மா அய்தின் அய்தின்னு! சீக்கு வந்தா அந்தக் கல்லாப் பொண்ணு மேல வருவாளா?"

அந்தப் பெண்ணின் முகமே நெபாஹத்துக்கு நினைவில்லை. போன தடவை இருந்தவள் வேறு பெண்ணோ என்னவோ.

ரெம்ஸி கைப்பிடியை மாட்டித் திருகினான். சாவியை மேசைமேல் வைத்தான். ஆணிக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. அவளும் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

ராத்திரி முழுக்க அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். விடிந்ததும், திரும்ப ஆணியில் மாட்டிக்கொள்வானா என்று கூடையில் சாவியைப் போட்டு ஜன்னலில் இறக்கினாள். கடை வாசலில் ரெம்ஸி கூடைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ரொட்டி எத்தன?"

"டாக்டர்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் தெரிந்தன. "அங்க வாங்குனதே மிச்சம் இருக்குப்பா! அது தீரட்டும்!"

தெரு முழுக்கக் கேட்டது. இரண்டு ஜன்னல்கள் மெல்லச் சாத்திக்கொண்டன. ரெம்ஸி இடுப்பில் கைவைத்து அண்ணாந்தான்.

"காலிக் கூடைக்குக் காவலா நான்? ஒரு எலுமிச்சம்பழமாவது வாங்குங்கக்கா!"

"போடு! ஒண்ணு போடு!"

அவன் குனிந்தான். அவன் முதுகு மறைத்ததில் கை என்ன செய்கிறது என்று தெரியவில்லை. நெபாஹத் கயிற்றை இழுத்தாள். கூடை கனக்கவே இல்லை. ஜன்னல் விளிம்புக்கு வந்ததும், பார்க்கப் பயந்து, கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவினாள். எலுமிச்சம்பழம் இருந்தது. மூலை மூலையாகத் தேடினாள். சாவி இல்லை.