ஆயுதக் குழு என்று போட்டோம்

ஆப்பிரிக்காவில் போர்வெல் லாரியில் டிரில்லராக இருந்த முனியசாமியை ஆயுதக் குழு ஒன்று பிடித்துக்கொண்டு போய்விட்டதாகத் தகவல் வந்தபோது நான் ஒரு நாளிதழின் அருப்புக்கோட்டை நிருபர். அவருடைய ஊர் திருச்சுழி தாண்டி, நரிக்குடி ரோட்டில். டிவிக்காரர்கள் வருவதற்கு முன் போய்விட்டேன்.

அவருடைய மனைவி முத்துமாரி அழவில்லை. நான் கேள்வி கேட்பதற்கு முன் அவர் கேட்டார்.

"அண்ணே, பேப்பர்ல அவிங்கள என்னன்னு போடுவீக?"

"தீவிரவாதிகள்னுதாம்மா போடுறது."

"வேணாம்ண்ணே. கம்பெனிக்காரவுக போன்ல சொல்லிட்டாக. பிடிச்சவய்ங்க இவுக பேரப் போட்டுத் தேடிப் பாப்பாய்ங்களாம். எந்தப் பாசையில இருந்தாலும் போனே மாத்திக் குடுத்துருதாம்ல. படிச்சுட்டு எங்க வீட்டு ஆள ஏதாவது செஞ்சுட்டாய்ங்கன்னா?"

அந்த நாட்டில் பிரெஞ்சு புழங்குகிறது. முத்துமாரியின் போனிலேயே ஒவ்வொரு சொல்லாகப் போட்டு, பிரெஞ்சில் எப்படி மாறுகிறது என்று இருவரும் பார்த்தோம். தீவிரவாதி, பயங்கரவாதி இரண்டும் எந்த ஊர்க்காரனுக்கும் பார்த்தவுடன் புரிகிற சொல்லாகவே வந்தன. கிளர்ச்சியாளர் என்றால் அரசை எதிர்த்து எழுந்தவர். இவர்கள் யாரை எதிர்க்கிறார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. கெரில்லா என்பது சண்டை போடும் முறைக்கான பெயர். மறைந்திருந்து அடித்துவிட்டு ஓடுவது. இங்கே சண்டையே நடக்கவில்லை. தண்ணீருக்குத் துளை போடப் போனவர்களை வழிமறித்திருக்கிறார்கள்.

"போராளி?" என்றேன்.

முத்துமாரி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"போன கோடையில தண்ணிக்கு ரோட்ட மறிச்சப்ப என்னயத்தான் போராளின்னு போட்டீக. குடத்த வச்சு உக்காந்திருந்த எனக்கும் எம்புருசனத் தூக்கிட்டுப் போனவனுக்கும் ஒரே பேராண்ணே?"

சுவரோரமாகப் படுத்திருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு இவ போட்ட சத்தத்துக்கு டிரைவரு பஸ்ஸ விட்டுட்டே ஓடிட்டான்" என்றார். மூவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் மாமியார் அழத் தொடங்கினார்.

கடைசியாகப் போனைத் திரும்ப வாங்கி 'ஆயுதக் குழு' என்று போட்டேன். முத்துமாரி சொல்லிப் பார்த்தார்.

"ஆயுதம் இருக்கது நெசம். கூட்டமா வந்தது நெசம். இதுக்குக் கோவப்பட மாட்டாகள்ல?"

அந்தக் கணத்திலிருந்து அவர்களை மரியாதைப் பன்மையில்தான் சொன்னார்.

மதுரை டெஸ்க்கிலிருந்து செய்தி ஆசிரியர் போனில் கத்தினார். "யோவ், ஊரே தீவிரவாதிங்குது. நீ என்னய்யா மகளிர் சுய உதவிக் குழு மாதிரி எழுதியிருக்க?"

"ஆளு இன்னும் அவங்க கையில இருக்காரு சார். போன்ல மாத்திப் படிப்பாங்கன்னு வீட்ல பயப்படுறாங்க."



"தலைப்புலயுமா?"

"தலைப்புலயும் சார்."

"ரெண்டு பத்தி அகலத்துல அடங்காதேய்யா."

"மூணு பத்தி குடுங்க சார்."

கொடுத்தார். மற்ற பேப்பர்களில் வந்ததை எங்களால் தடுக்க முடியவில்லை. எங்கள் பேப்பரில் கடைசிவரை அதே சொல்தான். அதனால்தான் முனியசாமி பிழைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. மாமியாருக்கு வாசித்துக் காட்ட முடிந்தது என்று முத்துமாரி சொன்னார். அது எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் முனியசாமியை விட்டுவிட்டார்கள். பார்க்கப் போனேன். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. முத்துமாரி அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. சட்டைக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கடத்திப் போனவர்களை அந்த ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்வார்கள் என்று முனியசாமியிடம் கேட்டேன்.

"பேரே சொல்ல மாட்டாகண்ணே. புதருக்குள்ள இருக்கவுகம்பாக. எங்க கேம்ப்ல சமைச்சவரு இத்ரிசு. அந்த ஊருக்காரரு. அவரு தம்பியே அதுல போயிச் சேந்துட்டான். அவுக ஆத்தா, எளையவன் புதருக்குள்ள இருக்கான்னு மட்டுந்தான் சொல்லும். பட்டாளம், அவுக, ரெண்டு பக்கமும் பயம். பெத்த பிள்ளைய வேற எப்பிடிச் சொல்லும்?"

அப்போது டெஸ்க்கிலிருந்து போன் வந்தது. "ஆளுதான் வந்தாச்சே. இனி தீவிரவாதின்னு தாராளமா போடலாம்ல?"

ஸ்பீக்கரில் இருந்ததால் முனியசாமிக்கும் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இத்ரிச எங்களோட சேத்துத்தாண்ணே பிடிச்சாக. எங்கள விட்டுட்டாக. அவர இன்னும் விடல."

செய்தி ஆசிரியருக்கு அதை நான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சரிய்யா, பழைய மாதிரியே அனுப்பு" என்று வைத்துவிட்டார்.

புதிதாக வரும் நிருபர்கள் எது சரியான சொல் என்று கேட்கிறார்கள். எல்லாச் சொல்லுக்கும் அகராதியில் பொருள் இருக்கிறது. அச்சாகிற அன்று யார் யாருடைய கையில் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள் என்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முனியசாமி இப்போது மல்லாங்கிணறு பக்கம் லோடு வண்டி ஓட்டுகிறார். சமையல்காரர் பற்றித் தகவல் இல்லை. இத்ரிஸ் என்று நான் எழுதியிருப்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல.