இரட்டைவால் பறவை

தெருவில் அவளுக்குத் துப்பறியும் அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் அப்படிச் சொல்வார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். பால் வாங்கும்போது பாத்திரத்தைப் பார்க்க மாட்டாள், பால்காரரின் முகத்தைப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில், எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறாரே, எதை மறைக்கிறாரோ என்று கணவரையே கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தவள். கடிகாரம் பழுதுபார்க்கும் அந்த மனிதரிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அவள் தொழில் வாழ்த்து அட்டை. பழைய எக்ஸ்ரே படங்களைக் கழுவி, கத்திமுனையால் பூவும் பறவையுமாக வெட்டி ஸ்டென்சில் செய்வாள். அதை அட்டைமேல் வைத்து வெள்ளைப் பசையை வழித்தால், விரலில் தட்டுப்படும்படி பறவை எழுந்து நிற்கும். காய்ந்தபின் மை பூசுவது மாடியில் குடியிருக்கும் கொழுந்தனின் மனைவி, அவளுடைய ஓர்ப்படி.

ஒருநாள் பறவை ஸ்டென்சிலின் அலகில் காய்ந்த பசை ஒட்டியிருந்தது. அவள் எதையும் கழுவாமல் வைத்ததே கிடையாது. குப்பைக் கூடையைக் கிளறினால், கிழித்துப் போட்ட அட்டை ஒன்று. பறவைக்கு இரண்டு வால்.

யாரோ அவள் பறவையைத் திருடிப் பழகுகிறார்கள். யாரோ என்ன யாரோ? போன வாரம் அட்டைகளை வாங்கி விற்கும் கடைக்காரரிடம் ஓர்ப்படி குசுகுசுவென்று பேசியதைக் கண்ணாலேயே பார்த்தாளே. வீட்டுக்காரரும் கூட்டு. இல்லாவிட்டால் கடிகாரக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வருவானேன்? அவள் வெளியே கிளம்பும்போதெல்லாம் "மணி என்ன?" என்று கேட்பானேன்? "சுவத்துல மாட்டியிருக்கே, கண்ணு இல்லையா?" என்று சுள்ளென்று சொல்லிவிட்டுப் போவாள்.

மை பூச வந்த ஓர்ப்படியிடம் கேட்டேவிட்டாள்.

"என் பறவைமேல உனக்கு என்னடி கண்ணு?"

"அட்டைக்குப் பின்னால உங்க பேரைப் போடணும்னு கடைக்காரர்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன்க்கா. எனக்கு இதுவும் வேணும்." தன்னிடம் இருந்த வேலை அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஓர்ப்படி மாடியேறிப் போனாள்.

நடிப்பு, என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கடைத்தெருவுக்கு என்று கிளம்பி, தெருமுனைவரை போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் திரும்பினாள். வேலை மேசையில் கணவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்களை மூடிக்கொண்டு, ஸ்டென்சிலின் ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பசையை வழித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

திடுக்கிட்டவர் முன்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"திட்டாதேம்மா. இப்பல்லாம் கடிகாரத்துத் திருகாணியே கண்ணுக்குத் தெரியலை. போன பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். முழுசா போறதுக்குள்ள உன் வேலையைக் கத்துக்கிட்டா உனக்குப் பாரமா இருக்க மாட்டேனேன்னு..."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா டாக்டர்மேலயே சந்தேகப்படுவே."

சிரிக்கத்தான் சொன்னார். கடிகாரக்காரர் தினமும் மணி கேட்டிருக்கிறார். ஊரையே சல்லடை போட்டுச் சலித்தவளுக்கு அது உறைக்கவில்லை. கண்ணு இல்லையா என்று வேறு கேட்டிருக்கிறாள். வெட்கத்தில் அழுகை வந்தது.

"பறவை சரியா வந்திருக்கா?"

"மறுபடியும் ரெண்டு வால். ஸ்டென்சில் நகருது. இந்தக் கையால அழுத்திப் பிடிங்க." அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். பிறகு ஓர்ப்படி வைத்துவிட்டுப் போன சாவியைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டாள்.

"எங்கே போறே?"

"மாடிக்கு. அவ கதவைத் திறப்பாளோ என்னவோ."

"மணி என்ன?" என்றார், பழக்கத்தில்.

அவள் நின்று, சுவரைப் பார்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மணி சொன்னாள்.