இரண்டு சாண் தட்டு

நூலை வட்டத் தட்டின் விளிம்பைச் சுற்றி ஓட்டி, முனை தொடும் இடத்தில் நகத்தால் கிள்ளிப் பிடித்திருக்கிறாள் என் மருமகள். பிறகு அதே நூலைத் தட்டின் குறுக்கே வைத்து அளக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகும் ஒரு சின்னத் துண்டு மிஞ்சுகிறது.

"பாத்தீங்களா அத்தை, எந்த வட்டம்னாலும் குறுக்க மூணு தடவை, அப்புறம் கொஞ்சம் கொசுறு."

குடத்தின் வாய், வாளி, மருந்து டப்பாவின் மூடி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டாள். கொசுறு கொடுக்காத வட்டம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "தூங்குறப்ப என் தலையையும் அளந்துட்டாம்மா" என்று என் மகன் முறையிட்டான். அளந்தது உண்மைதான். அது சரியான வட்டம் இல்லை என்று அவள் சொன்னதற்குத்தான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் பேக்கரியில் வேலை. ஆறு வருஷம் ரொட்டியை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தவள், மாவு மேசைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்த மேசைக்காக அவள் எத்தனை முறை கேட்டாள், எத்தனை முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்றவள் அவள். "புஸ்தகத்துல இருந்தப்ப கணக்கு என்னை முறைச்சுது அத்தை. மாவுக்குள்ள வந்ததும் சொன்னபடி கேக்குது" என்பாள்.

ஒரு பன்னை நடுவில் வைத்தால் அதைச் சுற்றி ஆறுதான் நெருக்கமாக உட்காருமாம். ஐந்து வைத்தால் இடம் மிஞ்சும். ஏழாவதுக்கு இடம் கிடையாது. உருண்டையாக உள்ளே போன நடுப் பன், வெந்து வெளியே வரும்போது ஆறு பக்கத்தோடு வரும். அதை மட்டும் விற்க அவளுக்கு மனமே வராது. இவ்வளவு கணக்குப் பார்க்கிறவள் வீட்டுச் சமையலில் உப்புப் போட மறந்துவிடுவாள். மறந்தால் என்ன? உப்பு நான் போடுகிறேன்.

போன வாரம் மதியச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். ஒரு விடுதியிலிருந்து பெரிய வட்ட ரொட்டி கேட்டிருந்தார்கள். பழைய தட்டு ஒரு சாண் அகலம். புதிதாக வந்திருந்தது அதே உயரத்தில் இரண்டு சாண் அகலத் தட்டு.

"சின்னதுக்கு ஒரு கிலோ மாவு. இதுக்கு ரெண்டு" என்றார் மாஸ்டர். முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவர்.

"நாலு வேணும் மாஸ்டர்" என்றாள் இவள்.

மாஸ்டர் சின்னத் தட்டு ஒன்றை எடுத்துப் பெரிய தட்டுக்குள் வைத்தார். பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். அளவெடுத்தது போல இரண்டும் உட்கார்ந்தன. மூன்றாவதை எப்படித் திருப்பியும் நுழைக்க முடியவில்லை.

"பாரும்மா. ரெண்டுதான் போகுது. கண்ணு தெரியுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றியது.

"தட்டு விறைச்சுக்கிட்டு நிக்கும் மாஸ்டர். மாவு அப்படியா? சந்து பொந்தெல்லாம் போய் உக்காராதா?"

"நாலு கிலோ போட்டு, பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சா?"

"வழிஞ்சா பழையபடி பாக்கெட் கட்டப் போறேன்."

"எல்லாரும் கேட்டுக்குங்கப்பா" என்றார் மாஸ்டர்.

அடிப் பாவி, கிடைத்த மேசையை வாயால் கொடுக்கிறாளே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளோ மாவைத் தொடவில்லை. சின்னத் தட்டில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்துப் பெரிய தட்டில் ஊற்றினாள். மறுபடியும் பிடித்து ஊற்றினாள். இரண்டு தட்டுத் தண்ணீரும் பாதி உயரத்தில் நின்றது. சிரிப்பு அடங்கியது. மூன்றாவதை ஊற்றியபோது மாஸ்டர் குனிந்து பார்த்தார். நாலாவதை நூல் போல, மெதுவாக விட்டாள். தண்ணீர் விளிம்பு வரை ஏறி, தளும்பாமல் நின்றது. ஒரு சொட்டுக்கூடக் கீழே இல்லை.

மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். "ஏம்மா, மீதி ரெண்டு கிலோ இவ்வளவு நேரம் எங்க ஒளிஞ்சிருந்துச்சு?"

"சந்துலதான் மாஸ்டர்."

"என் மருமக" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன். பெருமை பீற்றுகிறேன் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இதில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க மாட்டேன்.

நாலு கிலோ மாவு மேசைமேல் வந்தது. அவள் இரண்டு கையாலும் அணைத்தாலும் பிடிக்குள் அடங்காத மாவு. மாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து நின்றார். அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாவின் நட்டநடுவே விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோட்டின் வழியே மாவு வெட்டும் தகட்டை இறக்கினாள். ஒரு பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.