கையை இறக்க முடியாதவர்

துக்கிஜான் நடுரோட்டில் இறங்கி நின்றது ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான். அந்த ஒரு வாரம் முடியாமலே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

எல்லாம் நல்ல எண்ணத்தால் வந்த வினை. லைசென்ஸ் இல்லாத பிள்ளைகள் பைக்கோடு பள்ளிக்குள் நுழையக் கூடாது என்று அப்போதைய தலைமையாசிரியர் உத்தரவு போட்டார். பிள்ளைகள் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்தா வருவார்கள்? நெடுஞ்சாலையில் பள்ளிக்கு எதிர்ச்சாரி வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலை பைக் நிறுத்தத் திறந்துவிட்டார்கள். துக்கிஜானின் மனைவி லஸ்மியும் கோழிக்கூண்டை ஓரங்கட்டி அறுபது பைக்குக்கு இடம் பண்ணினாள். அதுவரை பைக்கில் நேராகப் பள்ளிக்குள் போன பிள்ளைகள், அன்றிலிருந்து லாரிகளுக்கு நடுவே ஓடிக் கடந்தார்கள். பாதுகாப்புக்கென்று போட்ட உத்தரவின் லட்சணம் இது. தன் வாசலிலிருந்து கிளம்பிய ஒரு மாணவியின் செருப்பை லாரி நசுக்கிய அன்று, துக்கிஜான் ஒரு சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். செருப்போடு போயிற்று. காலாக இருந்திருந்தால்?

உத்தியோகம் கிடையாது, யாரும் வரச் சொல்லவும் இல்லை. காலை ஆறரைக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் அவர் கை உயரும், செமாராங் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரியும் நிற்கும். காய்ச்சலிலும் நின்றார், மழையிலும் நின்றார். ஊர் அவரை மெச்சியது. மெச்சியே அவரை அங்கே நட்டுவிட்டது.

போன மாதம் மகள் வினார்சி பாத்தாம் தீவிலிருந்து போன் செய்தாள். கல்யாணம் ஆகிக் கடல் தாண்டிப் போனவள். பேரனை அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து தரையில் விடாமல் தூக்கியே வளர்த்த பிள்ளையை முதன்முதலாக மண்ணில் கால் பதிய வைக்கும் சடங்கு வருகிறது.

"அப்பா, புதன்கிழமைதான் நாள் விழுது. பொறந்த கிழமையிலதான் செய்யணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"உன் மகன் ஞாயித்துக்கிழமை பொறந்திருக்கக் கூடாதாம்மா?"

"அத அவன்கிட்டயே கேளுங்க. தாத்தா கையப் புடிச்சுத்தான் கால் வைப்பான்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வந்துடுங்கப்பா."

போக வர நான்கு நாள். நான்கு நாளும் பள்ளி நாள்.

"வாசல மூடிடலாமா?" என்று லஸ்மியிடம் கேட்டார்.

"மூடுங்க. பக்கத்து வீட்ல நிறுத்திட்டு அதே ரோட்டத்தான் கடக்கும் அதுங்க."

பக்கத்தில் பஞ்சர் ஒட்டும் சார்பின் என்பவனைப் பிடித்து மூன்று நாள் பழக்கினார். நான்காம் நாள் அவனைத் தனியே விட்டு ஓரமாக நின்று பார்த்தார். ஒரு மணல் லாரி, நடந்துகொண்டிருந்த பையனின் புத்தகப்பையை உரசிக்கொண்டு போயிற்று. சார்பின் கொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்தான்.

"உன் கையப் பாத்தா பிரேக் போடுறான். என் கையப் பாத்தா ஹாரன் அடிக்கிறான். என்ன விட்டுருண்ணே."

கடைசியாக, சிக்னல் கேட்டு மனுப் போட்டார். போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இப்போதைய தலைமையாசிரியர் அறையில் தேநீரோடு விசாரணை நடந்தது.

"இங்க எத்தன சாவு?"

"ஒண்ணும் இல்லைங்க."

"கை கால் போனது?"

"அதுவும் இல்லைங்க."

"பதினோரு வருசமாவா?" அதிகாரி தாளில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார். "எங்க பட்டியல்ல முதல் இடத்துல இருக்கிற முச்சந்தியில ஏழு பேர் போயிருக்காங்க. உங்க பள்ளிக்கூடம் வரிசையிலயே வராதுங்களே."

"நான் நிக்கிறதாலதாங்க இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன். நீங்கதான் நிக்கிறீங்களே."

தலைமையாசிரியர் சிரித்தார். திங்கட்கிழமைக் கொடியேற்றத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் துக்கிஜானுக்கு ஆரஞ்சுச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார். முதுகில் அவர் பெயர் தைத்திருந்தது. வேறு யாரும் அதைப் போட முடியாது.

அன்று பிற்பகல் ரோட்டில் நிற்கும்போது மனம் ஒரு கணக்குப் போட்டது. ஒரே ஒரு பிள்ளை. உயிர் வேண்டாம், ஒரு கால் எலும்பு. அது போதும், சிக்னல் வந்துவிடும். எதிரே வந்த பிள்ளைகளின் கால்களைப் பார்க்கவே கூசினார். மாலையில் மகளுக்குப் போன் போட்டு, வரவில்லை என்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு இந்தப் பக்கம் நாற்பது பிள்ளைகள் கூடிவிட்டார்கள். வலது கையில் கொடி, இடது கையை உயர்த்தி இரண்டு லாரிகளையும் ஒரு பஸ்ஸையும் நிறுத்தினார். பிள்ளைகள் இறங்கினார்கள். அப்போது ஆரஞ்சுச் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இந்த நேரத்தில் அவரைக் கூப்பிடுவது யார் என்று தெரியும். எதற்கு என்றும் தெரியும்: பேரன் மண்ணில் கால் வைக்கும் நேரம்.

"ஐயா, உங்க போன் அடிக்குது," என்றாள் கடந்துபோன ஒரு மாணவி.

"நீ ரோட்டப் பாத்து நடம்மா."

போன் நெஞ்சின்மேல் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசிப் பையன் செருப்பை இழுத்து இழுத்து நடந்தான். அவன் அந்தப் பக்கம் ஏறும் முன்பே போன் நின்றுவிட்டது. அவன் ஏறிய பிறகுதான் துக்கிஜான் கையை இறக்கினார்.