முறை தவறி வந்த கரண்டு

சின்னக்கருப்பு அண்ணே, உன்னைக் கிணற்றிலிருந்து கயிறு கட்டித் தூக்கியபோது கையில் திருப்புளி இருந்தது. விரலைப் பிரிக்க முடியாமல் அப்படியே கிடத்தினார்கள்.

மலையில் அணை கட்டி, தண்ணீரை விழவைத்துக் கரண்டு எடுக்கிறார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். எங்கோ பெய்யும் மழை கம்பி வழியாக நம் புஞ்சைக்கு வருகிறது என்று சிரித்தாய். தண்ணீர் இறைத்த கமலை மாட்டை விற்று மோட்டார் வாங்கினாய். பிறகு மழை பொய்த்து அணை வற்றியது. கரண்டை முறை வைத்து விட்டார்கள். நம் ஊருக்கு மதியத்துக்கு மேல்தான். வந்த கரண்டு கொஞ்சமும் வீணாகக் கூடாதென்று எல்லாருமே மோட்டார் சுவிட்சைப் போட்டபடியே விட்டிருப்போம். நீயும் அப்படித்தான் விட்டிருந்தாய்.

அன்று காலையில் கிணற்றுக்குள் இறங்கி, மோட்டாரில் கருகிப்போன ஒயரை மாற்றிக்கொண்டிருந்தாய்.

"ஏத்தா, கரண்டு வர இன்னும் நேரங்கெடக்கு. கஞ்சிய இங்கனயே கொண்டாந்துரு."

"மகாராசா மேல ஏறி வந்து குடிக்க மாட்டீகளோ?"

கஞ்சி எடுக்கப் போனேன். திரும்புவதற்குள் கரண்டு வந்துவிட்டது. ஊர் எல்லையில் தறிக்கூடம் போட்டிருந்த அருப்புக்கோட்டை முதலாளிக்கும் நமக்கும் ஒரே கம்பி. லோடு அனுப்ப அவசரம் என்று, கரண்டாபீசில் ஆளைப் பிடித்து, நம் முறைக்கு முன்னாலேயே கரண்டை விடச் செய்திருக்கிறார்.

அவரே கோடி வேட்டியோடு துட்டிக்கு வந்தார். செத்தவர் மேல் சொந்தக்காரர்கள் போடும் புதுத்துணி அது.

"ஒங்கண்ணன் எனக்குத் தம்பி மாதிரித்தா."

"இந்த வேட்டி ஒங்க தறியில நெய்ஞ்சதா?"

"ஆமாத்தா, நம்ம தறிதான்."

"எங்கண்ணனக் கொன்ன கரண்டுல நெய்ஞ்சத அவன் மேலயே போத்த வந்தீகளா?"

பிடுங்கித் தெருவில் எறிந்தேன். "ஏ கழுத, பெரிய மனுசர்ட்ட என்ன பேச்சு?" என்று நம்மைப் பெத்த ஐயா என்னை அடிக்க வந்தார். அடிக்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது மலையில் புது அணைகள் வந்து கரண்டு பெருகிவிட்டது. முதலாளி புதுத் தறிகள் வாங்கிப் போட்டிருக்கிறார். அவற்றுக்குத் தனிக் கம்பி நம் புஞ்சை வழியாக வர வேண்டும். போன வாரம் கம்பம் நடக் குழி தோண்டினார்கள். நான் அந்தக் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டேன்.

"மேல வாத்தா, ஊருக்கே நல்லது" என்று முதலாளி குனிந்து கெஞ்சினார்.

"எங்கண்ணன் மேல வரட்டும். பெறகு நானும் வாரேன்."

இருட்டும்வரை நின்றேன். கம்பத்தை வண்டியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோனார்கள். புதுத் தறிகள் சாக்கு போர்த்திக் கிடக்கின்றன. அதைப் பார்க்கவே தினமும் அந்த வழியாகப் போகிறேன். பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

இதைப் படிக்கிறவர்கள் என் அண்ணனுக்காகச் சாமியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முதலாளியையும் மன்னித்து அவருக்கும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறார் கோயில் பூசாரி. நீங்கள் சேர்க்காதீர்கள்.