மூன்று டப்பாவிலும் ஒரே சரக்கு

கடற்கரையில் என் குதிரை மைனாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. விசாலம் டாக்டர் காலமாகிவிட்டார். குதிரைக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரைத் தங்கள் லாயத்துக்குள் விட்டதே இல்லை. “அந்தம்மா வந்தா மானத்தை வாங்கிடும்” என்று ஓடி ஒளிந்தவர்கள். தூ! கைகூப்பும் படம் மூன்று அனுப்பினால் இவர்களுக்குத் துக்கம் முடிந்துவிடும். நான் மட்டும் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை.

டாக்டரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் வைட்டிலாவில் பஸ் ஏறி மட்டாஞ்சேரிக்கு வந்து எங்கள் குதிரைகளைப் பார்த்தார். நானோ முனிசிபல் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. குஜராத்திக் கல்யாணங்களில் மாப்பிள்ளையைச் சுமக்க மைனா என்றொரு வெள்ளைப் பெண்குதிரை வைத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, மைனாவுக்கு ஒரு சீக்கும் கிடையாது. அப்போதுதான் சத்துப் பொடி விற்கிறவர் கழுத்தில் டையும் கையில் பையுமாக வந்து சேர்ந்தார். குதிரைக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாத மனிதர். “சேட்டா, குதிரை கொள்ளாம், நல்ல குதிரை. ஆனா சத்து போறலை” என்றார். பிடரி மயிர் மினுக்க ஒரு டப்பா, குளம்புக்கு ஒரு டப்பா, ரத்தத்துக்கு ஒரு டப்பா. அதிபுத்திசாலியான நான் மூன்றையும் வாங்கினேன். அதைப் பெருமையாக டாக்டரிடமும் சொன்னேன்.

“குதிரைக்கு என்ன சீக்கு?” என்று கேட்டார்.

“சீக்கு ஒண்ணும் இல்ல டாக்டரே.”

“பின்னே மருந்து யாருக்காக்கும்? உங்களுக்கா?”

“மருந்து இல்ல, சத்து.”

“எந்தச் சத்து கொறைஞ்சிருக்குன்னு யார் சொன்னா? இது ஒரு நாளைக்கு எத்தனை கிலோ புல் திங்கறது? அதைச் சொல்லுங்கோ முதல்லே.”

எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடமாக வளர்க்கிற குதிரை என்ன தின்கிறது என்று தெரியாதவன், அதற்கு என்ன குறை என்று கண்டுபிடித்திருக்கிறேன்! டாக்டர் அன்றே புல்லை எடை போட வைத்தார். லத்தியைக் கிளறிப் பார்த்தார். “புல் இருக்கு, தவிடு இருக்கு, உப்புக்கட்டி இருக்கு. கண்ணு தெளிவா இருக்கு, லத்தி நன்னா இருக்கு. சந்தேகம்னா ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். கொறைஞ்சா கொடுப்போம். இல்லேன்னா அந்தப் பொடியைத் தொடாதீங்கோ.” நான் நன்றாகத் தலையாட்டினேன். அவர் தெருமுனை தாண்டியதும் மூன்று டப்பாவிலும் ஸ்பூனை விட்டேன்.

இரண்டு மாதத்தில் பிடரி மயிர் கையோடு வந்தது. உடனே மயிருக்கான பொடியைக் கூட்டினேன். குளம்பு வெடித்தது. குளம்புப் பொடியைக் கூட்டினேன். மடையனுக்கும் ஓர் ஒழுங்கு உண்டல்லவா? ஒருநாள் காலையில் மைனாவால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ‘மொட்டை மைனா’ என்று குழுவில் சிரித்தார்கள். வெட்கத்தை விட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் குளம்பைத் தடவிப் பார்த்தார். மூன்று டப்பாவையும் எடுத்துவரச் சொல்லி, என்னைத் தரையில் உட்காரவைத்து, “வாய்விட்டுப் படிங்கோ” என்றார். மலையாளம் என்றால் மளமளவென்று படிப்பேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான். முதல் டப்பாவில் செ-லீ-னி-யம் என்று படித்தேன். இரண்டாவதிலும் அதே வார்த்தை வந்தது. மூன்றாவதிலும் அதைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன்.

“மூணு டப்பாவிலேயும் ஒரே சரக்காக்கும். துளி போனா சத்து, கூடினா விஷம். இந்தக் குதிரைக்கு வந்த சீக்கு நீங்களாக்கும்” என்றார்.

மேலிருந்து புதுக் குளம்பு வளர்ந்து இறங்க ஒரு வருடம் ஆகும் என்றார். அதற்குள் பழைய குளம்பு கழன்றால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவதுதான் வழி என்றும் சொன்னார். நான் அழுதேன். “அழறதுக்கு நேரமிருந்தா புல்லை அலசிப் போடுங்கோ” என்றார். ஒரு வருடம், மழையானாலும் வாரம் தவறாமல் வந்தார். புல்லும் தண்ணீரும் அவர் கையும்தான் வைத்தியம். மைனா நடந்தது. மயிரும் முளைத்தது.

அப்போது அந்த டைக்காரர் மறுபடி வந்தார். “ஒரு போட்டோ மதி சேட்டா, அது போதும்” என்றார். ஒரு வருடம் மொட்டை மொட்டை என்று கேலி கேட்டவன் நான். சிரித்தவர்கள் வயிறெரியட்டும் என்று தலைப்பாகை கட்டி, கையில் டப்பாவைப் பிடித்து, மைனா பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர் பிராட்வே கடைத்தெருவில் ஆளுயரத்துக்குப் பலகை வைத்தார்கள். ‘மைனாவின் மினுமினுப்புக்குக் காரணம்’ என்று எழுதியிருந்தது. எவ்வளவு கேவலமான பிறவி நான்! டாக்டர் அதன் கீழே வெகுநேரம் நின்றிருந்ததைப் பார்த்ததாக ஓர் ஆட்டோக்காரர் சொன்னார்.

மறுவாரமும் வந்தார். நான் நாலைந்து பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. குனிந்து, மைனாவின் காலை மடியில் தூக்கி வைத்து, குளம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். நாலு காலையும் பார்த்தார்.

“குளம்பு நன்னா இருக்கு. இனி நான் வர வேண்டாம்.”

கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன், கூப்பிடவில்லை. பிறகும் கூப்பிடவில்லை.

டாக்டரே, மைனா தின்றது வெறும் புல். இதை அன்றைக்கே ஓடிவந்து, பஸ் நிறுத்தத்தில் அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.