போகவா, இருக்கவா என்று கேட்ட பெண்

பல்கலைக்கழகத்தில் நான் போதனாசிரியராக இருந்தேன். மனக்கஷ்டத்தோடு வருகிறவரிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் காது கொடுப்பது என்று, ஆசிரியராகப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பாடத்துக்கு ‘ஆலோசனை’ என்று பெயர். ஆனால் அதன் முதல் விதியே ஆலோசனை சொல்லக்கூடாது என்பதுதான். வந்தவர் பேசிப் பேசித் தன் வழியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதை நான் மனதார நம்பினேன்.

நான் வட்டவளையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியரின் மகள். கொழுந்து எடுக்கும் பெண்கள் சொல்வதை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை என்று தெரிந்தே வளர்ந்தவள். அதையே என் ஆராய்ச்சியாக்க வேண்டுமென்று துறைத் தலைவரிடம் மூன்று முறை எழுதிக்கொடுத்தேன். மூன்றாம் முறை, “விடுமுறையில் வேண்டுமானால் போங்கள்” என்றார்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அனுமதி தந்தார். டிஸ்பென்சரிக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறை. கதவு சரியாகச் சாத்தாது. மருந்து கொடுப்பவர் பஞ்சு எடுக்க, போத்தல் எடுக்க என்று பத்து நிமிடத்துக்கொரு தரம் உள்ளே வருவார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

முதல் வாரம் வந்தவர்கள் எல்லோரும் தலைவலிக்கு வில்லை கேட்டார்கள். “மருந்து இல்லைங்க, பேசத்தான் வந்திருக்கேன்” என்றேன்.

“பேசவா? அதுக்குக் கொழுந்து மலையில நாலு பேரு இருக்காங்களே டீச்சரம்மா” என்று சிரித்துவிட்டுப் போனாள் ஒருத்தி.

இரண்டாம் வாரம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கூடையை வாசலில் வைத்துவிட்டு, உட்காராமலே பேசினாள். தோட்ட மக்களைப் பங்கிட்டுக்கொள்ள இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவுக்குப் போவதா, இங்கேயே இருந்து பிரஜாவுரிமை கேட்பதா என்று வீட்டுக்கு வீடு சண்டை நடந்த காலம் அது. அவள் புருஷன் போக முடிவு செய்துவிட்டான்.

“அவுங்க அண்ணன் தம்பியெல்லாம் போறாங்களாம். எங்க ஆத்தா இங்க கண்ணு தெரியாம கெடக்கு. என்னைய ஒரு வார்த்த கேக்கல. நீங்க படிச்சவங்க. போகவா, இருக்கவா?”

நான் விதிப்படி கேட்டேன். “உங்களுக்கு என்ன தோணுதுங்க?”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அது தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வாறேன்?”

“இருந்தா எப்படி, போனா எப்படின்னு யோசிச்சுப் பார்த்தீங்களா?”

“போங்கம்மா. எழுதிக் குடுக்குற விண்ணப்பப் பாரத்துல மனைவி தனியா எழுதலாமா, கூடாதா? அதச் சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. மனசைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்த எனக்கு, அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போனேன். தொழிற்சங்க அலுவலகம் ஒன்றில் அரை நாள் காத்திருந்தேன். அங்கிருந்தவர், “வழக்கமா புருஷன் பேரோட சேத்துத்தான் எழுதுறாங்க. தனியா எழுதிக் கேட்டுப் பாக்கலாம். ஆனா பாரம் போறதுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க” என்றார்.

அதைச் சொல்லத்தான் தோட்டத்துக்கு ஓடினேன். டிஸ்பென்சரி வாசலில் தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் நின்றார்.

“யார் யார் இந்தியாவுக்குப் போக மாட்டேங்கிறாங்கன்னு துரை கேக்குறார். பேரை மட்டும் எழுதிக் குடுங்க.”

“இங்க பேசினதை வெளியில சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“அப்ப அறை தேவைப்படுதுங்க. மருந்து வந்திருக்கு” என்றார். அறையில் ஒரு பெட்டிகூடப் புதிதாக இல்லை.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போகிறேன் என்றதற்கு, வெளியாட்கள் அங்கே போகக்கூடாது என்றார். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் கடைவீதியில் நின்று பார்த்தேன். அவள் வரவில்லை. அவள் பக்கத்து வீட்டுக்காரிதான் வந்தாள்.

“பாரம் போயிருச்சே டீச்சரம்மா. எல்லாருக்கும் சேத்து அவ புருஷனே கைநாட்டு வச்சுட்டாரு.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“என்ன சொல்லுவா? மலைக்குப் போறா, வாறா.”

எல்லாவற்றையும் துறைத் தலைவரிடம் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார். “தோட்ட நிர்வாகத்தோடு நமக்கு வம்பு வேண்டாம். மாணவர்களின் பரீட்சைப் பயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயனுள்ள தலைப்பு” என்றார். எடுத்துக்கொண்டேன். கட்டுரை வந்தது, வேலையும் நிரந்தரமானது.

இன்றுவரை என் கோபம் துரையின் மேலா, கிளாக்கரின் மேலா என்று யாராவது கேட்டால், இருவர் மேலும்தான். ஆனால் முதலில் என் மேல். அந்தப் பெண் கூடையோடு வந்து நின்ற நாளிலேயே, “இருங்க, விசாரிச்சுட்டு வாறேன், நாளைக்கே வாங்க” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்லலாம் என்று யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. நானும் அதுவரை யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.